சோபிபோரா, வார்சாவா: ஒரே ஒரு டிவிடி வாங்குவதென்றால் எது?

நாஜிகளை யூதர்கள் ஆயுதம் எடுத்து எதிர்த்த கதையை டிவிக்காக எடுத்தவற்றில், வீட்டில் வாங்கி வைத்துத் திரும்பவும் பார்க்கத் தகுந்தவை என்று நான் நினைப்பது இரண்டு. 1987-இல் ஜாக் கோல்ட் இயக்கிய 'எஸ்கேப் ஃப்ரம் சோபிபோர்' ஒன்று. 2001 நவம்பரில் அமெரிக்காவின் என்பிசி டிவி இரண்டு இரவுகளாக ஒளிபரப்பிய, ஜான் அவ்நெட் இயக்கிய, வார்சா எழுச்சியைச் சொல்லும் 'அப்ரைசிங்' இன்னொன்று. மூன்றாவதாக 1978-இல் வந்த 'ஹோலோகாஸ்ட்' தொடரைப் பலரும் சொல்வார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சோபிபோர். ஆனால் முழு நீளப் பதிப்பு கிடைத்தால் மட்டும். வெட்டிய பதிப்புதான் கையில் கிடைக்கிறது என்றால் யோசிக்காமல் அப்ரைசிங் பக்கம் போய்விடுங்கள்.

ஏன் என்றால், சோபிபோர் படத்துக்குக் கடையில் ஒரே ஒரு டிவிடி இல்லை. அமெரிக்காவில் ஒளிபரப்பான பதிப்பு 143 நிமிடம். அப்புறம் பல சின்ன நிறுவனங்கள் மலிவு விலையில் போட்டவற்றில் இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கியதுதான் அதிகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. முன் அட்டையைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, நடிகர் ரட்கர் ஹௌவரின் முகம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். பின் அட்டையில் ஓடும் நேரம் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பாவில் போட்ட 'பால்' (PAL, அங்குள்ள டிவி ஒளிபரப்பு முறை) டிவிடியில் படம் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 25 ஃபிரேமாக ஓடுவதால் நூற்றுக்கு நான்கு பங்கு நேரம் குறையும். அதாவது 143 நிமிடம் அங்கே 137 ஆகிவிடும். அது வெட்டு இல்லை, நம்பி வாங்கலாம். 120-ஐ ஒட்டி இருந்தால்தான் வெட்டு.

இந்தப் படத்தை வெட்டுவது ஏன் இவ்வளவு கெடுதல்? சோபிபோர் கிழக்குப் போலந்தில் கொல்வதற்காகவே கட்டப்பட்ட முகாம், குறைந்தது 1,67,000 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். தையல், செருப்பு, தச்சு, பொன் வேலை தெரிந்தவர்கள் என்று ஒரு சிலரை மட்டும் வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர்களுக்குள் லியோன் ஃபெல்ட்ஹெண்ட்லர் (ஆலன் ஆர்க்கின் நடித்திருக்கிறார்) ஒரு ரகசியக் குழுவைச் சேர்க்கிறார், 1943 செப்டம்பரில் சோவியத் போர்க் கைதிகளோடு வந்து சேரும் அலெக்ஸாண்டர் பெச்செர்ஸ்கி (ஹௌவர்) அதற்கு ராணுவத் திட்டம் கொடுக்கிறார். ஹௌவர் படத்தில் நுழையவே வெகு நேரம் ஆகும். அதுவரை நாம் பார்ப்பது யார் யாரை நம்பலாம், எந்தப் பட்டறையில் யார் இருக்கிறார்கள், எந்தக் காவலன் எப்படிப்பட்டவன் என்பதைத்தான். படத்தைச் சுருக்க உட்காருகிறவர் முதலில் கை வைப்பது இந்த மாதிரி மெதுவான இடங்களில்தான், அது போனால் கடைசி அரை மணி நேரத்துக்குப் பலமே இல்லை.

அந்தக் கடைசி அரை மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 1943 அக்டோபர் 14, மாலை நான்கு மணி. முகாமை நடத்திய நாஜி எஸ்எஸ் படையின் அதிகாரிகளைத் தனித்தனியாகப் பட்டறைக்கு வரச் சொல்கிறார்கள், ஒருவருக்குப் புதுச் சீருடை அளவு பார்க்க, இன்னொருவருக்கு பூட்ஸ் போட்டுப் பார்க்க. சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார்கள், நல்ல துணி என்றால் ஆசைப்படுவார்கள், இந்த இரண்டையும் நம்பித்தான் மொத்தத் திட்டமும். முகாமின் துணைத் தளபதி யோஹான் நீமன் தையல் கடையில் அளவு கொடுக்க நின்றபோது கோடரியால் கொல்லப்பட்டார், நடந்த வரலாறு அது. படம் இதை வீரச் சண்டையாகக் காட்டவில்லை. வாழ்க்கையில் யாரையும் அடித்தறியாத மனிதர்கள், கை நடுங்க, கதவுக்குப் பின்னால் நின்று செய்கிற வேலையாகக் காட்டுகிறது. அதற்கு முன்னால் வரும் இன்னொரு காட்சி இதைவிடக் கொடுமை: தப்ப முயன்று பிடிபட்டவர்கள் ஒவ்வொருவரும் தன்னோடு சாக இன்னொரு கைதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உத்தரவு. அதைப் பார்த்த பிறகு, தப்பித்தால் எல்லோரும் சேர்ந்துதான் தப்ப வேண்டும் என்று ஃபெல்ட்ஹெண்ட்லர் ஏன் பிடிவாதமாக நிற்கிறார் என்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அன்று முகாமில் இருந்த சுமார் 600 பேரில் பாதிப் பேர் வேலியையும் கண்ணிவெடியையும் தாண்டிக் காட்டுக்குள் ஓடினார்கள், போர் முடியும்போது உயிரோடு இருந்தவர்கள் ஐம்பது பேர் அளவில்தான். படத்தின் முடிவில் சிலரின் கதி என்ன ஆயிற்று என்று ஒரு குரல் சொல்லும். தயவுசெய்து அதற்கு முன் எழுந்து போய்விடாதீர்கள்.

சரி, அப்ரைசிங். இது சுமார் மூன்று மணி நேரம், 177 நிமிடம் ('பால்' முறை என்றால் 170-ஐ ஒட்டி வரும்). போலந்தின் தலைநகர் வார்சாவில், கெட்டோ என்ற யூதர் பகுதியில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மதிலுக்குள் அடைத்து, 1942 ஜூலை 22 முதல் செப்டம்பர் வரை சுமார் 2,65,000 பேரை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். மிச்சம் இருந்தவர்களில் சில நூறு இளைஞர்கள் 1943 ஏப்ரல் 19, யூதர்களின் பாஸ்கா பண்டிகைக்கு முந்தைய நாள், ஜெர்மன் படையைச் சுட்டுத் துரத்தினார்கள். சோபிபோரில் பிழைப்பதற்காகக் கலகம் செய்தார்கள். இங்கே பிழைக்க மாட்டோம் என்று தெரிந்தே செய்தார்கள். இரண்டு படங்களின் தன்மை வேறுபடுவதே இதனால்தான்.

அப்ரைசிங்கின் உண்மையான பலம் சண்டைக்கு முந்தைய பாதி. ஜெர்மானியர் கெட்டோவில் அமைத்த யூத நிர்வாகக் குழுவின் தலைவர் ஆடம் செர்னியாகுவாக டொனால்ட் சதர்லேண்ட் நடித்திருப்பதைப் பாருங்கள். ஒத்துப்போனால் கொஞ்சம் பேரையாவது காப்பாற்றலாம் என்று கடைசி வரை நம்பி, ரயிலேற்றம் தொடங்கிய மறுநாளே விஷம் குடித்து இறந்த மனிதர். அவரைத் துரோகி என்று படம் ஒதுக்கிவிடவில்லை, அதே சமயம் எழுச்சியின் தலைவர் மொர்தெகாய் அனியெலெவிச்சின் (ஹாங்க் அஸாரியா) கோபத்தையும் குறைத்துக் காட்டவில்லை. இன்னொரு போராளித் தலைவர் யிட்சாக் சுக்கர்மனாக டேவிட் ஷ்விம்மர் வருகிறார். 'ஃப்ரெண்ட்ஸ்' பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதல் இருபது நிமிடம் அதில் அவர் நடித்த ராஸ் முகம்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அது போய்விடும்.

எனக்குக் குறையாகப் படுவது இரண்டு. வார்சாவில் சண்டை போட்டது ஒரு அமைப்பு இல்லை. அனியெலெவிச்சின் யூதப் போராளி அமைப்போடு, முரனோவ்ஸ்கி சதுக்கத்தில் கொடியேற்றிச் சண்டையிட்ட யூத ராணுவச் சங்கமும் இருந்தது. படத்தின் மனம் முழுக்க முதல் அமைப்பின் பக்கமே இருக்கிறது. அனியெலெவிச் மே 8-ஆம் தேதி மிவா தெரு 18-ஆம் எண் பதுங்குகுழியில் இறந்த பிறகும் மிஞ்சிய சில தலைவர்களில் ஒருவரான மாரெக் எடெல்மனுக்கும், பிறகு இதய மருத்துவராகி 2009 வரை போலந்திலேயே வாழ்ந்தவர் அவர், இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். இன்னொன்று, இசை. சும்மா விட்டிருந்தால் தானாகவே கனத்திருக்கும் இடங்களில்கூட நம்மை அழச் சொல்லி வற்புறுத்துகிறது.

ஆனால் சாக்கடைக் குழாய் வழியே மிச்சப் பேரை வெளியே கொண்டுவரும் பகுதி, அதில் காசிக் என்ற போராளி சிம்கா ரோட்டெமாக ஸ்டீபன் மோயர் வருவது, அதற்காகவே இந்த டிவிடியை வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஹோலோகாஸ்ட். ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும் இந்தத் தொடரில் வார்சா எழுச்சியும் வருகிறது, சோபிபோர் கலகமும் வருகிறது, இரண்டும் ஒரே கற்பனைக் குடும்பத்தின் ஆட்களுக்கு நடக்கின்றன. 1979 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பானபோது நாடே உட்கார்ந்து பேச ஆரம்பித்தது, அந்த மதிப்பை யாரும் மறுக்க முடியாது. எதிர்ப்புப் போராட்டத்தைத் தெரிந்துகொள்ள வாங்குகிறீர்கள் என்றால் மட்டும் இது வேண்டாம், அவசரமாகத் தொட்டுவிட்டுப் போய்விடும்.

வாங்கும் முன் மண்டல எண்ணையும் பார்த்துவிடுங்கள், வேறு மண்டலத்து டிவிடி உங்கள் பிளேயரில் ஓடாமல் போகலாம். அமெரிக்க, கனடா டிவிடி மண்டலம் 1, ஐரோப்பாவுடையது 2, சிங்கப்பூர், மலேசியா 3, இந்தியா, இலங்கை 5. எல்லா மண்டலத்தையும் ஓட்டும் பிளேயர் இருந்தால் கவலை இல்லை. வசன எழுத்து இருக்கிறதா என்பதும் முக்கியம், அப்ரைசிங்கில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி உச்சரிப்பில் பேசுவார்கள், அது இல்லாமல் பெயர்களைப் பிடிப்பது கஷ்டம். இரண்டுமே கிடைத்துவிட்டால் வார்சாவை முதலில் பாருங்கள், ஏப்ரலில் நடந்தது அது, சோபிபோர் அதே ஆண்டு அக்டோபர்.