ஒன்பது ஆண்டுகளாக ஆர் மொழியோடு: வேலை முடிந்தபின் வரும் எச்சரிக்கை

“அக்கா, ஆர் படிக்கலாமா?” என்று, புள்ளிவிவரக் கணக்குக்கான அந்த நிரல்மொழியைப் பற்றி, காரைக்காலிலிருந்து சித்தப்பா மகள் கேட்டாள். கேட்ட நேரம் சரியில்லை. மூன்று நாள் வேலையை முதலிலிருந்து செய்துகொண்டிருந்தேன்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், சேன் பியேரில் இருக்கிறேன். கரும்பு நிலங்களுக்கான மழைக் கணக்கு என் பொறுப்பு. 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் தாக்கிய வாரத்துக்குப் பன்னிரண்டு கோப்புகள். பதினொன்று கருவியிலிருந்து நேராக வந்தவை. ஒன்று மட்டும் யாரோ கையால் தட்டியது. பிரெஞ்சு வழக்கப்படி அதில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. எழுத்தை எண்ணாக்கும் ‘ஆஸ்.நியூமெரிக்’ கொடுத்தேன். ‘182,5’ என்.ஏ., அதாவது ‘மதிப்பு இல்லை’, ஆகிவிட்டது. ‘96’ போன்ற முழு எண்கள் தப்பின. கூட்டும்போது என்.ஏ.க்களை விட்டுவிடு என்று சொன்னதும் நானே. ஆகவே ஒரு தொகை வந்தது. நம்பும்படி வேறு இருந்தது. அறிக்கையும் போய்விட்டது.

ஆர் எச்சரிக்கவில்லை என்று சொன்னால் பாவம். எச்சரித்தது, ஆனால் எப்போது? நாமாக மாற்றாதவரை எச்சரிக்கைகளை மடியில் முடிந்துவைத்துக்கொண்டு, ஓட்டம் முழுவதும் முடிந்தபின் அவிழ்க்கும். ஐம்பதைத் தொட்டால் ‘ஐம்பதோ அதற்கு மேலோ’ என்று ஒரே வரி. எந்தக் கோப்பு என்று அதில் இராது. ‘வார்ன்’ அமைப்பை 1 ஆக்கினால் அவ்வப்போதே சொல்லும். 2 ஆக்கினால் எச்சரிக்கையே பிழையாகி ஓட்டம் நின்றுவிடும். ஒன்பது ஆண்டு கழித்து இப்போதுதான் அதை முதல் வரியில் போட்டிருக்கிறேன்.

எந்தக் கோப்பு என்று அறிய முதலில் ‘டிரைகேட்ச்’ போட்டுப் பார்த்தேன். எச்சரிக்கையைப் பிடித்தது, பிடித்ததோடு அந்தக் கணக்கையும் பாதியில் போட்டுவிட்டது. ‘வித்காலிங்ஹேண்ட்லர்ஸ்’ அப்படியல்ல. எச்சரிக்கை எழுந்த இடத்திலேயே என் வரிகளை ஓட்டி, கோப்பின் பெயரைக் குறித்துக்கொள்கிறது. ‘மஃபிள்வார்னிங்’ என்று அமர்த்தினால் கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பைத்தான் என்ற நிரல்மொழியில் விதிவிலக்கை, அதாவது எழும் பிழையை, பிடித்தபின் அது எழுந்த இடத்துக்குத் திரும்ப முடியாது. காமன் லிஸ்ப் என்ற பழைய நிரல்மொழியிலிருந்து ஆருக்கு வந்த இந்த ஏற்பாட்டை முதன்முதலாகப் பார்த்த அன்று இரவு உணவை மறந்தேன்.

இன்னொரு சின்ன மகிழ்ச்சி. 2022இல் வந்த ஆர் 4.2 பதிப்பு, எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யூடிஎஃப்-8 முறைக்கு விண்டோஸிலும் மாறியது. அதற்கு முன், பிழைச் செய்தி சொல்லி ஓட்டத்தை நிறுத்தும் ‘ஸ்டாப்’புக்குள் தமிழில் எழுதினால் குறியீட்டு எண்கள்தாம் வரும். இப்போது ‘மழை அளவில் எழுத்து கலந்திருக்கிறது, வரிசை 214’ என்று திரையில் நிற்கிறது. பக்கத்து மேசைப் பிரெஞ்சுக்காரர் எட்டிப் பார்த்து, இது என்ன பிழை என்று கேட்டார். உங்கள் காற்புள்ளி என்றேன்.

சித்தப்பா மகளுக்கு எழுதிவிட்டேன்: வேண்டாம், பைத்தான் படி.

காற்புள்ளிக் கோப்பைப் படிக்கவென்றே ‘ரீட்.சிஎஸ்வி2’ இருக்கிறதே என்று யாரும் சொல்ல வேண்டாம். தெரியும். மற்ற பதினொன்றில் புள்ளிதான் இருந்தது.