ஹேவர்ட் அக்வாரைட், டி-செல் 15: உப்புக் குளோரினேட்டர் வாங்கலாமா?

‘சால்ட் வாட்டர் பூல்’ என்றால் குளோரினே இல்லாத நீச்சல் குளம் என்று சொல்லி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சுத்தப் பொய். உப்பு தானாகக் கிருமியைக் கொல்லாது, ஃபில்டரையும் கழுவாது. இந்த மெஷின் பார்ப்பது ஒரே வேலை: தண்ணீரில் கரைந்த உப்பை மின்சாரத்தால் உடைத்துக் குளோரின் எடுப்பது. மாத்திரையில் வருவதும் இதே குளோரின்தான். இங்கே அது அந்தந்த நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உற்பத்தியாகிறது, வேலை முடிந்ததும் மறுபடி உப்பாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

சாமான் மூன்று: சுவரில் மாட்டும் கன்ட்ரோல் பெட்டி, குழாயில் பொருத்தும் செல் (அதுதான் டி-செல் 15), தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ ஸ்விட்ச். செல்லுக்குள் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியத் தகடுகள். செல்லை ஃபில்டர், ஹீட்டர் எல்லாவற்றுக்கும் பிறகு, கடைசியில்தான் வைக்க வேண்டும். ஃப்ளோ ஸ்விட்சுக்கு முன்னால் ஓர் அடியாவது வளைவில்லாத நேர்க் குழாய் வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் சுழன்று வந்து, ஓட்டம் இருக்கும்போதே ‘நோ ஃப்ளோ’ விளக்கு எரியும். அப்போது சில எலக்ட்ரீஷியன்கள் ஃப்ளோ ஸ்விட்ச் ஒயரை ஷார்ட் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். இதை மட்டும் அனுமதிக்கவே கூடாது. குளோரினோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவும் வருகிறது. தண்ணீர் ஓடாமல் செல் மட்டும் ஓடினால் அது உள்ளேயே சேர்ந்து வெடிக்கலாம்.

பெட்டியில் 40,000 கேலன், அதாவது ஒன்றரை லட்சம் லிட்டர் வரை என்று போட்டிருக்கும். அதை அப்படியே நம்பி அளவு பார்க்க வேண்டாம். இந்தச் செல் 24 மணி நேரமும் முழு அளவில் ஓடினால் 1.47 பவுண்டு, ஏறத்தாழ 667 கிராம் குளோரின் தரும். வீட்டு பூலில் பம்ப் 8 மணி நேரம் ஓடினாலே அதிகம். கிடைப்பது 222 கிராம். 60,000 லிட்டர் பூலில் இது 3.7 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு). சென்னை மே மாத வெயிலில், நாலு பேர் தினமும் குளிக்கும் பூலுக்கு அது சரியாக இருக்கும். அதே 8 மணி நேரத்தில் ஒன்றரை லட்சம் லிட்டருக்கு 1.5 பிபிஎம்தான் வரும், போதாது. நம் ஊர் வெயிலுக்குப் பெட்டியில் போட்ட அளவில் பாதி என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இனி உப்பு. அக்வாரைட்டுக்கு 2,700 முதல் 3,400 பிபிஎம் வரை வேண்டும், 3,200 சிறந்தது. கணக்கு எளிது: 1,000 லிட்டருக்கு 3.2 கிலோ. 60,000 லிட்டருக்கு 192 கிலோ. ஆனால் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கத்து போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கும். அளந்து பார்த்து 500 பிபிஎம் இருந்தால் 30 கிலோவைக் கழித்து 162 கிலோ மட்டும் போட வேண்டும். கூடிப்போனால் குறைக்க மருந்து கிடையாது, தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுதான் வழி. ஆகவே முதலில் முக்கால் பங்கு போட்டு, ஒரு நாள் ஓடவிட்டு, அளந்த பிறகு மிச்சத்தைப் போடுங்கள்.

எந்த உப்பு? ‘பூல் சால்ட்’ என்று தனியாக விலை வைத்து விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. தூத்துக்குடியிலிருந்து வரும் கழுவிச் சுத்திகரித்த உப்பில் 99 சதவீதத்துக்கு மேல் சோடியம் குளோரைடு இருந்தால் போதும். உப்பளத்திலிருந்து நேராக மூட்டை பிடித்த கல் உப்பு மலிவு, ஆனால் அதில் கால்சியமும் மக்னீசியமும் சேற்று மண்ணும் வரும். வாங்கும் முன் ஒரு சோதனை: கண்ணாடி பாட்டிலில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி 100 கிராம் உப்பைக் கரைத்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் அடியில் சாம்பல் நிறப் படிவு கோடு கட்டியிருந்தால் அந்த மூட்டை வேண்டாம். சமையல் தூள் உப்பில் அயோடின் பிரச்சினையே இல்லை. கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் ஃபெரோசயனைடுதான் தரையில் கறை விடலாம்.

உப்பைப் போடும்போது செல் ஆஃப், பம்ப் ஆன். ஆழம் குறைந்த பக்கம் பரவலாகத் தூவி, குவியல் நிற்காமல் பிரஷ்ஷால் தள்ளிவிட வேண்டும். ஸ்கிம்மரில் (மேல்தண்ணீரை பம்புக்கு இழுக்கும் வாயில்) கொட்டக் கூடாது. 24 மணி நேரம் கழித்துத்தான் செல்லை ஆன் செய்வது. புதிதாகப் பூசிய பூல் என்றால் பூச்சு ஆற ஒரு மாதமாவது விட வேண்டும். ஸ்டெபிலைசரும் (சயனூரிக் ஆசிட்) கூடவே வேண்டும்: 60 முதல் 80 பிபிஎம், அதாவது அதே 60,000 லிட்டர் பூலுக்கு 3.6 முதல் 4.8 கிலோ. அது இல்லாவிட்டால் காலையில் செய்த குளோரினை மதியத்துக்குள் வெயில் தின்றுவிடும். மாத்திரையிலேயே ஸ்டெபிலைசர் கலந்திருப்பதால், மாத்திரை போட்ட காலத்தில் இது தானாகவே ஏறி, கடைசியில் குளோரினே வேலை செய்யாத அளவுக்குப் போகும். அந்தத் தொல்லை ஒழிவதுதான் உப்புக்கு மாறுவதன் பெரிய லாபம்.

இந்தக் கன்ட்ரோல் பெட்டியின் பலவீனம் அது காட்டும் உப்பு அளவு. இது உப்பைத் தனியாக அளப்பதில்லை; செல்லில் பாயும் மின்சாரத்தையும் தண்ணீர் வெப்பத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. தகட்டில் சுண்ணாம்பு படிந்தாலோ பூச்சு தேய்ந்தாலோ உப்பு சரியாக இருக்கும்போதே 2,400 என்று காட்டி ‘செக் சால்ட்’ விளக்கை எரியவிடும். பராமரிப்பவர் 50 கிலோ மூட்டையைக் கொட்டுவார், உண்மை அளவு 4,000 தாண்டும். விளக்கு எரிந்தால் மூட்டையைத் தொடும் முன் உப்பு அளக்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் அளக்க வேண்டும். ஸ்ட்ரிப் 3,200 என்று சொன்னால் கோளாறு செல்லில்.

செல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தகடுகளுக்கு நடுவே வெள்ளைப் பற்று தெரியும். பூலுக்குள் தண்ணீர் திரும்பும் வாயில் வெள்ளைச் செதில்கள் வந்தாலும் இதே அர்த்தம்தான். மின் துருவத்தை மாற்றி மாற்றிப் பற்றை உதிர்க்கும் வசதி இருக்கிறது, ஆனால் நம் போர் தண்ணீரின் கடினத்துக்கு அது மட்டும் பற்றாது. லாரி தண்ணீர் வாங்கினாலும் பெரும்பாலும் அதுவும் யாரோ ஒருவரின் போர் தண்ணீர்தான். முதலில் ஹோஸால் பீய்ச்சிப் பாருங்கள். போகாவிட்டால் நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட், தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல. நுரை அடங்கும் வரை சில நிமிடம் வைத்துக் கழுவினால் போதும். கம்பியாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுரண்டினால் பூச்சு போய்விடும். அடிக்கடி ஆசிட் விட்டாலும் அதே கதி. 500 மணி நேரத்துக்கு ஒருமுறை ‘இன்ஸ்பெக்ட் செல்’ விளக்கு மினுக்கும். பார்த்துவிட்டு டயக்னாஸ்டிக் பட்டனை மூன்று விநாடி அழுத்தினால் அணைந்துவிடும்.

உண்மையான தினசரி வேலை பிஎச். ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதால் பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும். 7.2 முதல் 7.6 வரை வைத்திருந்தால் குளோரினும் வேலை செய்யும், செல்லிலும் பற்று பிடிக்காது. 7.8 தொட்டால் 60,000 லிட்டர் பூலுக்கு அரை லிட்டர் அதே ஆசிட்டில் தொடங்கி, சில மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். ஆல்கலினிட்டியை (தண்ணீரின் காரத்தன்மையை) 80 பிபிஎம் பக்கம் வைத்தால் ஏற்றம் மெதுவாகும்.

ஃபில்டருக்கு உப்பால் எந்த விடுதலையும் இல்லை. மணல் ஃபில்டரில் சுத்தமாக இருக்கும்போது காட்டும் அழுத்தத்தைக் குறித்து வைத்து, 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) கூடியதும் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த் திசையில் விட்டு மணலைக் கழுவுவது. பம்பை நிறுத்திய பிறகுதான் மல்டிபோர்ட் (ஓட்டத் திசையை மாற்றும் வால்வு) கைப்பிடியைத் திருப்புவது. வால்வின் பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும் வரை இரண்டு மூன்று நிமிடம், பிறகு அரை நிமிடம் ரின்ஸ். மணிக்கு 12,000 லிட்டர் பம்ப் என்றால் மூன்று நிமிடத்தில் 600 லிட்டரும் அதோடு இரண்டு கிலோ உப்பும் போகும். அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் விடாதீர்கள். தென்னை ஓரளவு தாங்கும், மல்லிகை கருகிவிடும். ஐப்பசி மழையில் பூல் 10 சென்டிமீட்டர் வழிந்தாலே பத்துப் பதினைந்து கிலோ போய்விடும். கோடையில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், அதனால் குறைந்ததைத் தண்ணீரால் நிரப்பினால் போதும், உப்பு வேண்டாம்.

‘சூப்பர் குளோரினேட்’ ஸ்விட்ச் செல்லை 24 மணி நேரம் முழு அளவில் ஓட்டும். பச்சை பிடித்த பூலை இதை வைத்து மீட்க நினைப்பது செல்லைத்தான் தேய்க்கும். அதற்குப் பதில் 60,000 லிட்டர் பூலில் 10 சதவீத லிக்விட் குளோரின் 6 லிட்டர் ஊற்றினால் 10 பிபிஎம் உடனே வந்துவிடும்.

ஏணி, கைப்பிடிக் கம்பி 304 ஸ்டீலாக இருந்தால் துரு பிடிக்கும், 316 வேண்டும். செல்லின் ஆயுள் சுமார் 10,000 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. தினம் 8 மணி நேரம் என்றால் மூன்றரை வருடம். முழு மெஷினின் விலையைக் கேட்பதோடு மாற்று டி-செல்லின் விலையையும், அது கையிருப்பில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். தினமும் குளிக்கும் வீட்டுக்கு, பிஎச் பார்க்க ஆள் இருந்தால், வாங்கலாம். வார இறுதியில் மட்டும் திறக்கும் பண்ணை வீட்டு பூலுக்கு லிக்விட் குளோரினே போதும்.