தோட்டத்துக் குழுவுக்கு டெலிகிராம் பாட்: ஒன்றரை வருட அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் இப்போது ரப்பர் பால்வெட்டு கிடையாது, எல்லாம் செம்பனை (எண்ணெய்ப் பனை). பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். எல்லாரையும் சேர்க்கத்தான் டெலிகிராமில் குழு தொடங்கினேன். முதல் வாரம் பேச்சுமூச்சே இல்லை.

அக்காள் மகன் ஒரு பாட், அதாவது தானாகச் செய்தி அனுப்பும் நிரல், செய்து கொடுத்தான். டெலிகிராமில் பாட்களைப் பதிவதற்கென்றே இருக்கும் பாட்ஃபாதரில் பதிய ஐந்து நிமிடம், காசும் இல்லை. குறள், செய்தி, வானிலை, செம்பனைக் குலை விலை என்று நாளுக்கு எட்டுப் பதிவு தானாக விழும். "ரெடிட்டே அப்படித்தான் மாமா வளர்ந்தது" என்றான். இணைப்புகளைப் பகிர்ந்து பேசும் அந்த இணையதளத்தை 2005இல் தொடங்கியவர்கள் பல பொய்ப் பெயர்களில் தாங்களே இணைப்புகளைப் போட்டது உண்மைதான். ஆனால் எதைப் போடுவது என்று பார்த்துப் பார்த்து எடுத்தது மனிதர்கள். எங்கள் பாட் பார்த்தது கடிகாரத்தை மட்டும்.

மூன்று மாதத்தில் ஆள் கூடியது, பேச்சு கூடவில்லை. விசாரித்தால் பாதிப் பேர் குழுவின் சத்தத்தை அடைத்து வைத்திருந்தார்கள்.

ஒருநாள் காலை ஆறே முக்காலுக்கு, தோட்டத்தில் எங்கள் வேலையை மேற்பார்த்த பழைய தண்டல் தவறிவிட்டார் என்று அவர் மகள் எழுதினார். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று நாங்கள் கேட்பதற்குள், சரியாக ஏழு மணிக்குப் பூப்படத்தோடு "இனிய காலை வணக்கம்" வந்து விழுந்தது. பின்னாலேயே செய்தி, விலை. துக்கச் செய்தி மேலே போய் மறைந்தது. அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே தானியங்கிப் பதிவுகள் அத்தனையையும் நிறுத்தினேன்.

அப்புறம் இரண்டு வாரம் குழு காலியாகக் கிடந்தது. பொறுத்திருந்தேன். ஓர் அக்கா தன் அம்மாவின் பால்வெட்டுக் கத்தியைப் படம் எடுத்துப் போட்டார். பிடியில் சுற்றிய சைக்கிள் டியூப் அப்படியே இருந்தது. "எந்த நிரை வெட்டினாங்க?" என்று ஒருவர் கேட்க, நள்ளிரவு வரை பேச்சு ஓடியது. அதுவரை வாயே திறக்காதவர்கள் குரல் பதிவு அனுப்பினார்கள்.

பாட் இன்னும் இருக்கிறது, கேட்டால் மட்டும் பதில் சொல்லும். கட்டளைப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும். பெரியவர்களுக்கு அது சிரமம் என்பதால் தமிழில் பொத்தான் வைத்தோம். நாம் பேசுவதை அது படிக்குமா என்று பலர் பயந்தார்கள். சாதாரண உறுப்பினராக இருந்தால் பொதுவாகக் கட்டளைகள்தான் அதற்குப் போகும். நிர்வாகியாக்கினால் எல்லாமே போகும். அதனால் நிர்வாகிப் பொறுப்பை எடுத்துவிட்டேன்.

விலைப் பொத்தானை அதிகம் அழுத்துகிறவர் இரண்டு ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் ஒரு மாமா. விலை பார்த்த கையோடு, "குலை ஏத்துற லாரி வந்திருச்சா?" என்று குழுவில் கேட்பார். யாராவது எட்டிப் பார்த்துச் சொல்வார்கள்.