மஸ்டாங் கோப்ராவில் இரட்டை பிளேட் கிளட்ச்: ஓராண்டுக்குப் பின்

என்னிடமுள்ள 2003ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா, தொழிற்சாலையிலிருந்து 390 குதிரைத்திறனோடு வெளிவந்த, சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்திய வண்டி. எனக்கு முன் வைத்திருந்தவர் சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் சக்கரமான புல்லியைச் சிறிதாக்கித் திறனை மேலும் கூட்டியிருந்ததால், நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் இன்ஜினின் சுற்று மட்டும் ஏறும். வண்டியின் வேகம் ஏறாது. இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் வழுக்கி, அதன் பிளேட் கருகும் வாடைதான் உள்ளே வரும். அதற்காகச் சென்ற ஆண்டு வாங்கியதுதான் இந்த இரட்டை பிளேட் கிளட்ச்.

சாதாரண கிளட்சில் ஒரு பிளேட்டின் இரு முகங்கள் பிடிக்கின்றன. இதில் இரண்டு பிளேட்டுகளுக்கு நடுவே ஓர் இரும்புத் தட்டு மிதப்பதால், நான்கு முகங்கள் பிடிக்கின்றன. ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் கூட்டாமலேயே பிடிப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பதால் பெடல் கடினமாவதில்லை; நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தாலும் இடது கால் வலிப்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை மனதாரப் பரிந்துரைப்பேன்.

ஆனால் நான்கு முகங்களும் விடுபட வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் சிறிது இடைவெளி கிடைக்க வேண்டும். ஆகவே ஒற்றை பிளேட்டில் மன்னிக்கப்படும் அட்ஜஸ்ட்மென்ட் பிழை இதில் மன்னிக்கப்படுவதில்லை. கியர் பாக்ஸை இறக்கிப் பொருத்தும் வேலையை ஒரு பட்டறையிடம் கொடுத்திருந்தேன். அவர்கள் பெடலையும் கிளட்சையும் இணைக்கும் கேபிளைத் தளர்வாக விட்டுத் திருப்பித் தந்ததால், ரிவர்ஸ் போடும்போதெல்லாம் பற்கள் கறகறத்தன. நான் அவசரப்பட்டு கேபிளின் அட்ஜஸ்டரை மூன்று சுற்று இறுக்கினேன். கறகறப்பு நின்றது, ஆனால் பெடலில் ப்ளே (கிளட்ச் அசையுமுன் பெடல் சும்மா நகரும் தூரம்) சிறிதும் இல்லாமல் போய், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எப்போதும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல் போன்ற முனைகளை அழுத்திக்கொண்டிருக்க, புது கிளட்சே வழுக்கத் தொடங்கியது.

சரியான அளவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் கண்டுபிடித்தோம். இறுக்கிய மூன்று சுற்றையும் முதலில் தளர்த்திவிட்டு, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜாக் ஸ்டாண்டுகளில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து முதல் கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இறக்கினேன். நான் பெடலை மெல்ல மிதிக்க, மகன் பின் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, இப்ப சுத்துது" என்று அவன் சொன்ன இடத்தில், பெடலுக்கும் தரைக்கும் நடுவே அளவுகோலை வைத்தேன்: அரை அங்குலம்கூட இல்லை. இன்ஜினுக்கும் வண்டியின் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் கேபிளின் உறை நுழையும் இடத்திலுள்ள அட்ஜஸ்டரை அரை அரைச் சுற்றாக வெளியே திருப்பி, ஒவ்வொரு முறையும் அதே சோதனையைச் செய்தோம். தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் சக்கரம் விடுபட்டபோது, பெடலின் தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் உணரக்கூடிய சிறு ப்ளேயும் மிச்சமிருந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் இறுக்கினால், பெடல் தரையைத் தொடும்போது டயாஃப்ரம் விரல்கள் அளவுக்கு மீறி வளைந்து கெட்டுப்போகும்.

தயாரிப்பாளர்மேல் எனக்குள்ள குறை இதைப் பற்றியதுதான். உடன் வந்த கையேடு, எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் ஹைட்ராலிக் வண்டிகளைப் பற்றியே பேசுகிறது; கேபிள் வண்டிக்காரருக்கு ஒரு பத்திகூட இல்லை. பெடலோடு சேர்ந்து கேபிளை இழுக்க ஃபோர்டு பொருத்திய பிளாஸ்டிக் பற்சில்லைக் கழற்றி அலுமினியச் சில்லும் கையால் திருப்பும் அட்ஜஸ்டரும் போட்டால்தான் இப்படி அட்ஜஸ்ட் செய்ய முடியும். அவற்றைத் தனியே வாங்க வேண்டும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கலாம்.

பெடலை மிதித்து ஐட்லிங்கில் நிற்கும்போது, தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது போன்ற சத்தம் வரும். நடுத்தட்டு தளர்ந்து அதிர்வதால் எழுவது அது, பழுதல்ல. அமைதியான வண்டியை விரும்புகிறவர்களும், இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யாதவர்களும் இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை.

பிளேட் தேயத் தேய, விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்ந்து ப்ளே குறையும் என்பதால், கேபிளைத் தளர்த்த வேண்டியிருக்குமே தவிர இறுக்க வேண்டியிருக்காது. இந்த ஓராண்டில் ஒரே ஒருமுறை, கால் சுற்று தளர்த்தினேன். நான்காவது கியரில் இப்போது வழுக்கலும் இல்லை, வாடையும் இல்லை.