டர்போ போச்சு என்றால் உடனே தலையாட்டாதீர்கள்: 38,400 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டது

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை. கோவையில் எல்லா கம்பெனி காரும் பார்க்கிற, ஏசி போட்ட வெயிட்டிங் ரூம் வைத்திருக்கிற இடம். அது போதும். விட்டு விட்டு வரும் சென்சார் கோளாறை எப்படிப் பிடிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி பத்து வருடப் பழைய டர்போ டீசல். டர்போ என்றால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம். ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் கிடையாது. மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ரோட்டில் ஏறினால்தான் வினை. குஞ்சப்பனை பக்கம் ஏதாவது ஒரு வளைவில் செக் இன்ஜின் லைட் எரியும், பிக்கப் சுத்தமாகப் போய்விடும். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் மாட்டுவண்டி வேகம்தான். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவார். ஓரங்கட்டி, சாவியை அணைத்து, கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மாமியார் வீடு கோத்தகிரி என்பதால் மாதம் இரண்டு முறையாவது இந்தக் கூத்து.

சரி, பெரிய இடத்தில் காட்டலாம் என்று போனேன். அங்கே ஒருவர் டீ வரவழைத்துக் கொடுத்து, "கவலையே படாதீங்கண்ணா, நம்ம வண்டி மாதிரி பார்த்துக்கலாம்" என்றார். லேப்டாப்பைக் கொண்டுவந்து ஸ்கேனரை மாட்டினார். பி0237 என்று ஒரு கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் எண், வந்தது. பக்கத்தில் இருந்த விளக்கத்தில் 'டர்போசார்ஜர்' என்ற சொல் மேல் விரலை வைத்து, "பாருங்கண்ணா, வண்டியே சொல்லுது" என்றார். அந்த வரியை முழுசாகப் படித்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. அது டர்போ கெட்டதற்கான கோடு இல்லை. டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைவாக வருகிறது என்பதற்கானது. முதலில் பார்க்க வேண்டியது வயர், வயரை இணைக்கும் கப்ளர், சென்சார்.

நான் விழுந்தது அதற்கு அடுத்த நிமிடம். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். கறுப்பாக ஆயில். "டர்போ சீல் போயிருச்சுங்கண்ணா. இப்படியே ஓட்டினா ஒரு நாள் இன்ஜின் ஆயிலையே குடிச்சு ஓடும், சாவியைப் பிடுங்கினாலும் நிக்காது. குழந்தைங்களை வெச்சுட்டு மலை ஏறுறீங்க..." என்று இழுத்தார். அவ்வளவுதான், தலையாட்டிவிட்டேன். இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் கலந்த ஆவி, காற்று போகும் வழியிலேயே திரும்ப விடப்படுகிறது, அதனால் பழைய டர்போ டீசல் எதிலும் அந்த ஹோஸுக்குள் கொஞ்சம் ஆயில் பிசுக்கு இருக்கும் என்று நேற்றுதான் தெரியும். யார் வண்டியில் விரலை விட்டாலும் அந்தத் துணி கறுத்திருக்கும்!

ரீகண்டிஷன் டர்போ 26,000, சென்சார் 6,800, ஸ்கேனிங் 1,500, லேபர் 4,100. மொத்தம் 38,400 ரூபாய். ஜிஎஸ்டி பில் கேட்டேன். "பில் போட்டா இன்னும் ஏறும்ங்கண்ணா" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பழைய டர்போவைக் கேட்டேன். அதைக் கொடுத்தால்தான் ரீகண்டிஷன் டர்போ தருவார்களாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் ஊருக்குள் ஓட்டினேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. கோத்தகிரி ஏறினேன். அதே குஞ்சப்பனை, அதே லைட்.

போன் செய்தால் முதல் நாள் "டீசல் சரியில்லாம இருக்கும், பங்க்கை மாத்திப் பாருங்க". இரண்டாம் முறை "ஈசியூ, அதான் இன்ஜின் கம்ப்யூட்டர், போயிருக்கலாம், அதுக்குத் தனியா ஆகும்". மூன்றாம் முறை முதலாளி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. 38,400 ரூபாய் வாங்கிய அன்று டீ கொடுத்த மனுஷன் இவர்.

நேற்று மேட்டுப்பாளையத்தில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விட்டேன். வயதானவர், சின்ன ஷெட், கையில் மல்டிமீட்டரும் ஒரு சாதாரண ஸ்கேனரும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் பண்ணச் சொல்லி, சென்சார் காட்டும் அழுத்தத்தைப் பார்த்தார். இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கோவை, மேட்டுப்பாளையம் உயரத்தில் 97 கிலோபாஸ்கல் பக்கம், கோத்தகிரியில் 80 சொச்சம். சரியாகத்தான் காட்டியது. அப்புறம் வயர் கட்டை ஒவ்வொரு இடமாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தார். பேட்டரி தட்டுக்குக் கீழே ஒரு இடத்தைத் தொட்டதும் அளவு படாரென்று அடியில் விழுந்தது. சென்சாருக்கு 5 வோல்ட் போகும் வயர், ஒரு பிராக்கெட்டில் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. மேடு ஏறும்போது இன்ஜின் மவுண்டில் சாய்கிறது, வயர் இழுபட்டுச் செம்பு இரும்பில் படுகிறது. ஊருக்குள் அவ்வளவு சாயாது. இதுதான் மொத்தக் கதையும். வயரை ஒட்டி, ஸ்லீவ் போட்டுத் தள்ளிக் கட்டினார். கூலி 350 ரூபாய்.

அதோடு விட்டிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஏனுங்க, டர்போ மாத்தினாங்கன்னு சொன்னீங்க?" டர்போவை மூடும் வெப்பத் தகடான ஹீட் ஷீல்டின் போல்ட்டுகளில் பழைய துரு அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கிளாம்ப் மேல் வருடக்கணக்கான மண். கழற்றவே இல்லை! சென்சார் மட்டும் புதுசு.

அதையெல்லாம் போட்டோ எடுத்துப் பட்டறைக்காரருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "வெளியாள் கை வெச்சுட்டாங்க, இனி வாரண்டி கிடையாதுங்கண்ணா."

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, இவ்வளவுதான் முடியும். கோடு வந்தால் அதன் விளக்கத்தைக் கடைசிச் சொல் வரை படியுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அழிக்க விடாதீர்கள். 'சர்க்யூட்' என்று இருந்தால் பார்ட் மாற்றும் முன் வயரை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றப் போகிற பார்ட்டில் நீங்களே பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நான் ஜிபேயில் அனுப்பியதும் அந்தத் துண்டுச் சீட்டும்தான் இப்போது கையில் இருக்கின்றன. அதை வைத்து 1915 நுகர்வோர் எண்ணுக்குக் காலையில் கூப்பிடப் போகிறேன்.