ரேம் ஏற்றியாச்சு, போஸ்ட்கிரெஸ் அதைத் தொடுமா?

16 ஜிபி இருந்த சர்வரில் 64 ஜிபி ரேம் வந்துவிட்டால் டேட்டாபேஸ் தானாகப் பறக்க ஆரம்பித்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் விஷயத்தில் அது பாதி சரி. டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ள அது ஒதுக்கும் ஷேர்டு பஃபர்ஸ் என்ற இடத்தின் அளவு இயல்பில் 128 எம்பி, மெஷினில் எவ்வளவு ரேம் இருந்தாலும் நாம் மாற்றும்வரை அதே 128 எம்பிதான். ஆனால் டேட்டா ஃபைல்களை அது லினக்ஸ் காலி ரேமில் வைத்துக்கொள்ளும் ஃபைல் கேஷ் வழியாகத்தான் படிக்கிறது, அதனால் கான்ஃபிக் ஃபைலைத் தொடாமலே ஓரளவு வேகம் கூடிவிடும், அதைப் பார்த்துத் திருப்தியாகி அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

கூடுதல் மெமரியை எடுத்துக்கொள்ளும் அழகுக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் 5க்கு 3.5 தருவேன். ஒன்றையும் மறைத்து வைக்காத மென்பொருள், ஆனால் தானாக ஒரு துரும்பையும் நகர்த்தாது.

ஷேர்டு பஃபர்ஸை மொத்த ரேமில் கால்வாசி வைக்கச் சொல்கிறது அதன் ஆவணம், 40 சதவீதத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் பலன் இல்லை என்றும் சொல்கிறது. காரணம், டேட்டாவின் ஒரே பக்கம் (பேஜ்) ஷேர்டு பஃபர்ஸிலும் லினக்ஸ் கேஷிலும் இரண்டு முறை உட்கார்ந்திருக்கலாம். ஆக 64 ஜிபி மெஷினுக்கு 16 ஜிபி. எழுதும்போது ஒரு சின்ன விஷயம்: ஜிபி என்பதைப் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும், சின்ன எழுத்தில் போட்டால் ஏற்காது, அலகே போடாமல் வெறும் எண்ணை எழுதினால் அதை 8 கேபி பிளாக் கணக்காக எடுத்துக்கொள்ளும். இதே வொர்க் மெம்முக்கு (வரிசைப்படுத்தும் சார்ட், டேபிள்களை இணைக்க உதவும் ஹேஷ் போன்ற வேலைகளுக்கான மெமரி அளவு) அலகு விட்டுப்போனால் கேபி கணக்கு. ஏன் இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு என்று கேட்டால் வரலாறுதான் பதில், ஆனால் எரிச்சல் எரிச்சல்தான்.

எஃபெக்டிவ் கேஷ் சைஸ் என்று இன்னொன்று இருக்கிறது, இயல்பில் 4 ஜிபி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இது ஒரு பைட்டைக்கூட ஒதுக்காது. கேஷுக்கு இவ்வளவு இடம் இருக்கிறது என்று, குவெரியை எந்த வழியில் ஓட்டலாம் என முடிவு செய்யும் பிளானருக்குக் காதில் ஓதுவது மட்டும்தான் இதன் வேலை, எண் கூடினால் அது இண்டெக்ஸ் பக்கம் சாயும். 64 ஜிபியில் 45, 48 என்று வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

உண்மையான வேகமும் உண்மையான ஆபத்தும் இருப்பது வொர்க் மெம்மில். இயல்பு 4 எம்பி, இன்றைய குவெரிகளுக்கு இது ரொம்பக் கஞ்சத்தனம். குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் போட்டுப் பாருங்கள், சார்ட் மெத்தட் என்ற வரியில் எக்ஸ்டர்னல் மெர்ஜ், டிஸ்க் இவ்வளவு கேபி என்று வந்தால் மெமரி போதாமல் டிஸ்க்குக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். போதுமான அளவு கூட்டினால் அதே வரி குயிக்சார்ட், மெமரி என்று மாறிவிடும். டிஸ்க்கில் காட்டிய அளவையே மெமரிக்கும் வைத்தால் போதாது, மெமரியில் அதே டேட்டா இன்னும் அதிக இடம் கேட்கும்.

அதற்காக இஷ்டத்துக்குக் கூட்டிவிடவும் முடியாது. இந்த அளவு ஒரு கனெக்‌ஷனுக்கு இல்லை, குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனி, ஹேஷ் என்றால் 15ஆம் பதிப்பிலிருந்து இயல்பில் இரண்டு மடங்கு. 64 எம்பி வைத்து, 200 கனெக்‌ஷனும் ஒரே நேரத்தில் இரண்டு சார்ட்டும் ஒரு ஹேஷும் ஓட்டினால் ஆளுக்கு 256 எம்பி, மொத்தம் 50 ஜிபி. ஷேர்டு பஃபர்ஸின் 16ஐச் சேர்த்தால் 66, மெஷினில் இருப்பதோ 64. ஒரே குவெரியைப் பங்குபோட்டு ஓட்டும் பேரலல் வொர்க்கர்கள் இதில் சேரவே இல்லை! எப்போதும் இப்படி நடக்காதுதான், நடக்கும் அன்று மெமரி தீரும்போது தலையிடும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் வந்து ஒரு பிராசஸைக் கொன்றுவிடும், போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லாக் கனெக்‌ஷனையும் அறுத்துவிட்டு ரெக்கவரிக்குப் போகும். அதனால் பொது அளவைக் குறைவாக வைத்து, ரிப்போர்ட் ஓட்டும் ரோலுக்கு (டேட்டாபேஸ் யூசருக்கு) மட்டும் ஆல்டர் ரோல் கட்டளை மூலம் கூட்டித் தருவதுதான் எனக்குப் பிடித்த வழி. போஸ்ட்கிரெஸுக்கு நான் தரும் மார்க்கில் பாதி இந்த வசதிக்காகத்தான்.

மற்றவை எப்படி? மைஎஸ்கியூஎல் 8இல் இன்னோடிபி டெடிகேட்டட் சர்வர் என்ற செட்டிங்கை ஆன் செய்தால் ரேமைப் பார்த்து பஃபர் பூல் (அங்கே ஷேர்டு பஃபர்ஸ் மாதிரி) அளவை அதுவே முடிவு செய்கிறது, கையால் மாற்றுவதானாலும் 5.7இலிருந்து ரீஸ்டார்ட் இல்லாமலே முடியும். எஸ்கியூஎல் சர்வரில் மேக்ஸ் சர்வர் மெமரி உடனே அமலுக்கு வரும், ஆனால் இயல்பில் கிட்டத்தட்ட வரம்பே இல்லாததால் அங்கே இழுத்துப் பிடிப்பதுதான் வேலை.

போஸ்ட்கிரெஸில் ஷேர்டு பஃபர்ஸை மாற்ற ரீஸ்டார்ட் கட்டாயம், என் பெரிய மனக்குறை இதுதான். ரீஸ்டார்ட் ஆனதும் 16 ஜிபியும் காலியாகத்தான் இருக்கும். எப்படியும் நிறுத்தப்போகிறீர்கள், அதே சாக்கில் ஷேர்டு பிரீலோடு லைப்ரரிஸ் என்ற செட்டிங்கில் பிஜி பிரீவார்ம் என்ற எக்ஸ்டென்ஷனையும் சேர்த்துவிடுங்கள், 11ஆம் பதிப்பிலிருந்து எந்தெந்த பிளாக் பஃபரில் இருந்தது என்று அது குறித்துவைத்து அடுத்த முறை தொடங்கும்போது தானே ஏற்றிவிடும்.