கிளாசிக்கல் கிட்டாருக்கு ஸ்ட்ராப்: கொக்கி மாட்டலாமா, பட்டன் போடலாமா? ரெண்டையும் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

முதல்லயே முடிவ சொல்லிடுறேன். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார நின்னுகிட்டு வாசிக்கணும்னா ரெண்டு பட்டன் (ஸ்ட்ராப் முனைய மாட்டுற சின்னக் குமிழ்) போட்டுடுங்க, ஒண்ணு அடிப்பக்கம், ஒண்ணு ஹீல்ல, அதாவது கழுத்து பாடியோட சேர்ற இடத்துல பின்னாடி இருக்குற தடிப்புல. சவுண்ட் ஹோல்ல, அதாவது முன்பக்க வட்ட ஓட்டைல மாட்டுற கொக்கி ஸ்ட்ராப் உக்காந்து வாசிக்கிறவங்களுக்கு மட்டும்தான் சரிப்படும். கடைல கேட்டா ஒருத்தர் ஒண்ணு சொல்றார், வீடியோல இன்னொருத்தர் வேற சொல்றார், நடுவுல புதுசா கிட்டார் வாங்கின பசங்க குழம்பிப்போய் கையில கிடைச்ச கயித்த எல்லாம் கட்டிட்டு நிக்கிறாங்க, அதுக்காகத்தான் இவ்ளோ விலாவாரியா எழுதுறேன்.

கிளாசிக்கல் கிட்டார்ல ஏன் பட்டனே இல்லன்னு நிறைய பேர் கேக்குறாங்க. கம்பெனி மறந்துட்டதுனு நினைக்க வேண்டாம், இந்த வாத்தியமே உக்காந்து வாசிக்கிறதுக்குனு வந்தது. 19-ஆம் நூற்றாண்டுல ஸ்பெயின்ல அன்டோனியோ டி டோரஸ் கொண்டுவந்த உருவம்தான் இன்னிக்கு நாம பாக்குற கிளாசிக்கல் கிட்டார், இடது காலுக்கு அடியில ஃபுட்ஸ்டூல் வெச்சு, கிட்டார இடது தொடைல உக்கார வெச்சு, கழுத்து மேல பாத்து சாய்ஞ்சு இருக்குற மாதிரி வாசிப்பாங்க. மியூசிக் கிரேட் எக்ஸாமுக்குப் படிக்கிற பசங்களுக்கு இதுவே போதும், அவங்க ஸ்ட்ராப்புக்குக் காசு செலவு பண்ணவே வேண்டாம், அந்தக் காச நல்ல ஸ்ட்ரிங் செட்டுக்குப் போடுங்க. ஆனா சர்ச் கொயர்ல நிக்கணும், ஸ்கூல் விழாவுல நிக்கணும், கல்யாண ரிசப்ஷன்ல மைக் முன்னாடி பாடிட்டே வாசிக்கணும்னா என்ன பண்றது, அங்கதான் பிரச்சனையே ஆரம்பிக்குது. நைலான் கிட்டார மேடைல மாட்டி வாசிச்சா அது மரியாதைக் குறைவுனு சொல்றவங்களும் இருக்காங்க, அதுல எனக்கு உடன்பாடு கிடையாது. அமெரிக்க கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் 1969-ல வாங்கின மார்ட்டின் என்-20 நைலான் கிட்டார ஸ்ட்ராப் போட்டு மாட்டிக்கிட்டே அத்தனை வருஷம் மேடைல வாசிச்சாரு, பிக் (கம்பிய மீட்டுற சின்னத் தகடு) உரசி உரசி முன்பலகைல பெரிய ஓட்டையே விழுந்துடுச்சு, அப்பவும் அந்த கிட்டார அவர் விடல.

சரி, கொக்கி ஸ்ட்ராப்புக்கு வரேன். ஆன்லைன்ல விலை கம்மியா கிடைக்குது, நான் வாங்கினது பேர் தெரியாத சாதாரண பீஸ்தான். உங்க கழுத்துல பட்டைய போட்டுக்கணும், அதோட கீழ்முனை கிட்டாரோட பின்பக்கமா போய், கீழ் ஓரத்த சுத்திக்கிட்டு முன்னாடி வந்து, சவுண்ட் ஹோலோட கீழ் விளிம்புல ஒரு கொக்கியா மாட்டிக்கும். கிட்டார் அந்தப் பட்டைக்குள்ள தூளில கிடக்குற மாதிரி கிடக்கும். டிரில் வேண்டாம், ஸ்க்ரூ வேண்டாம், வேணும்னா மாட்டலாம் வேண்டாம்னா கழட்டிடலாம், இரவல் கிட்டாருக்குக் கூட போடலாம், இதெல்லாம் நிஜமாவே நல்ல விஷயம். உக்காந்து வாசிக்கும்போது ஃபுட்ஸ்டூல் இல்லாமலே கழுத்த நல்ல கோணத்துல தூக்கி வெச்சுக்க உதவுது, முதுகு வலி இருக்குறவங்களுக்கு இது பெரிய நிம்மதி, ஒரு கால மட்டும் உயர்த்தி ரொம்ப நேரம் உக்காந்தா இடுப்புல என்ன ஆகும்னு வாசிக்கிறவங்களுக்குத் தெரியும்.

நின்னா கதையே வேற. கிட்டார் ஒரே ஒரு பட்டைல தொங்குது, ஹெட்ஸ்டாக் (கம்பிய முறுக்குற தலைப்பகுதி) பக்கம் பிடிக்க ஒண்ணுமே இல்ல, அதனால வலது முழங்கையால கிட்டாரோட உடம்ப அமுக்கிக்கிட்டே இருக்கணும், இடது கை கழுத்தத் தாங்கிக்கிட்டே இருக்கணும். ரெண்டு கையையும் எடுத்தீங்கன்னா கிட்டார் முன்பக்கமா கவிழ்ந்துடும், ஹெட்ஸ்டாக் தரைய பாத்து இறங்கும். பாட்டுப் புஸ்தகத்துல பக்கம் திருப்ப முடியாது, கேப்போ (சுருதி ஏத்த கிட்டார் கழுத்துல மாட்டுற கிளிப்) மாத்த முடியாது, மைக் ஸ்டாண்ட சரி பண்ண முடியாது. இடது கை தாங்குற வேலை பண்ணும்போது பொசிஷன் மாத்துறதும் தடைப்படுது, பாரே கார்டுல (ஒரே விரலால பல கம்பிய அமுக்குறது) இருந்து மேல போகும்போது கட்டைவிரல் கழுத்த விட பயப்படும், வாசிப்பே இறுகிப் போகும். கிட்டார் எடை ஒன்றரை கிலோ பக்கம்தான், ஆனா முழுக்க பிடரில விழுறதால ஆராதனை முடியறதுக்குள்ள கழுத்து பிடிச்சுக்குது.

அதவிட எனக்குக் கவலை முன்பலகையப் பத்தி. கிளாசிக்கல் கிட்டாரோட முன்பலகை ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், ஸ்ப்ரூஸ் இல்ல சீடர், ரெண்டுமே நகம் பட்டாலே தடம் விழுற மெத்து மரம். ஏற்கனவே ஆறு நைலான் கம்பியும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுவைய அது தாங்கிட்டு இருக்கு. சவுண்ட் ஹோலுக்கு அடியில நிறைய கிட்டார்ல பட்டி ஒட்டி பலப்படுத்தி இருப்பாங்கதான், ஒரே நாள்ல உடையாது, ஆனா கொக்கி தினமும் அதே இடத்துல உரசும்போது ஓட்டைய சுத்தி இருக்குற ரோசெட் வேலைப்பாடு மேல பாலிஷ் மங்கிப்போகும். நைட்ரோ லாக்கர், ஷெல்லாக் பாலிஷ் போட்ட கிட்டார்னா இன்னும் ஜாக்கிரதை, ரப்பரும் வினைலும் ரொம்ப நேரம் பட்டுக்கிட்டே இருந்தா அந்தப் பூச்சு இளகி கறை விழும். கொக்கிதான் வேணும்னா அதுக்கும் மரத்துக்கும் நடுவுல மெல்லிசான மெத்துத் தோல் துண்டு ஒண்ண வையுங்க, வாசிச்சு முடிச்ச உடனே கழட்டிடுங்க, மாட்டினபடியே கவர்ல போடாதீங்க.

ஒட்டுற பட்டன், சக்ஷன் கப் வகையெல்லாம் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. சென்னை மாதிரி வேர்வையும் ஈரமும் உள்ள ஊர்ல பசைய நம்பி கிட்டார தொங்கவிட எனக்கு மனசு வரல. சக்ஷன் கப் பளபளன்னு இருக்குற பாலிஷ்லதான் பிடிக்கும், மேட் ஃபினிஷ்ல பிடிக்காது, அதுவும் உக்காந்து வாசிக்கும்போது தொடைல வைக்கிற சப்போர்ட்டுக்குத்தான் சரி.

பட்டன்தான் நல்ல வழி. பட்டன் போட்டா சவுண்ட் கெட்டுடும்னு ஒரு பயம் எல்லார் மனசுலயும் இருக்கு, அது தேவையில்லாத பயம். கிட்டார்ல ஒலி வர்றது முக்கியமா முன்பலகை அதிர்றதுனால. அடிப்பக்கம் ரெண்டு பக்கப் பலகையும் சேர்ற இடத்துல உள்ள ஒரு கட்டை இருக்கும், டெயில் பிளாக்னு சொல்வாங்க, அது சும்மா பிடிச்சு நிக்கிற கட்டைதான், அதுல ஒரு ஸ்க்ரூ போறதால நாதம் குறையாது. ஆனா அந்தக் கட்டை எங்க இருக்குன்னு சரியா பாக்கணும். சவுண்ட் ஹோல் வழியா சின்னக் கண்ணாடிய விட்டு போன் டார்ச் அடிச்சா தெரியும். பக்கப் பலகை மட்டும் ரெண்டு மில்லிமீட்டர்தான், கட்டைய விட்டுட்டு அதுல ஸ்க்ரூ போட்டா பிய்ச்சுக்கிட்டு வந்துடும்.

ரெண்டாவது பட்டன் எங்கங்கிறதுதான் முக்கியமான கேள்வி, இதுல நிறைய பேர் அவசரப்படுறாங்க. ஹெட்ஸ்டாக்ல நட்டுக்கு (கழுத்தோட மேல் முனைல கம்பி உக்கார்ற சின்னப் பட்டி) அந்தாண்ட கம்பிக்கு அடியில கயிறு விட்டுக் கட்டுறது பழைய வழி, கிட்டார் கவிழாது, ஓட்டை போட வேண்டாம், ஆனா பட்டை இடது கைக்கு குறுக்க வரும், முதல் ஃபிரெட்ல எஃப் கார்டு பிடிக்கும்போது கை இடிக்கும். அதனால ஹீல்தான் பெஸ்ட். அதுலயும் ஹீலோட பின்மூடி மேல, அதாவது உங்க வயித்த பாக்குற பக்கம் போட்டா பட்டை பின்னாடி இருந்து இழுக்கும், கிட்டார் முன்னாடி சாயும். மெல்லிசுக் கம்பி இருக்குற பக்கம், வாசிக்கும்போது தரைய பாக்குற பக்கம், ஹீலோட அந்த விலாவுல போட்டீங்கன்னா கிட்டார் உடம்போட ஒட்டி நேரா நிக்கும். நானும் அங்கதான் போடச் சொன்னேன், நின்னு ரெண்டு கையையும் விட்டுப் பார்த்தேன், அசையாம நிக்குது. ஹீல் நுனிப் பக்கம் போகப் போக ஒல்லியாகும், அதனால நடுவுல, பாடிய விட்டுக் கொஞ்சம் தள்ளி போடணும், ஸ்பானிஷ் முறைல செஞ்ச கிட்டார்ல பக்கப் பலகை ஹீலுக்குள்ளயே செருகி இருக்கும், அந்த இடத்த தொடக் கூடாது. ஸ்க்ரூ நீளம் ஹீல் அகலத்த விட நல்லாவே குறைவா இருக்கணும், மறுபக்கம் எட்டிப் பாத்துடக் கூடாது.

நான் போன ரிப்பேர்காரர் வேலை பண்ண விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதனால அத அப்படியே சொல்றேன், நீங்க எங்க கொடுத்தாலும் இதெல்லாம் பண்றாங்களானு பாருங்க. முதல்ல மாஸ்கிங் டேப் ஒட்டி அதுமேல பென்சில்ல புள்ளி வெச்சாரு. டிரில்ல முதல்ல ரிவர்ஸ்ல சுத்தவிட்டு பாலிஷ மட்டும் மெதுவா குடைஞ்சாரு, நேரா குத்தினா லாக்கர் சில்லு சில்லா பேர்ந்துடும். அப்புறம் ஸ்க்ரூவோட மரைய விட்டுட்டு நடுத்தண்டு எவ்ளோ கனமோ அந்த அளவு பிட்ட போட்டு ஓட்டை, எவ்ளோ ஆழம் போகணும்னு பிட்லயே டேப் சுத்தி அடையாளம் வெச்சுக்கிட்டாரு. மரைல மெழுகு தடவி கையாலதான் முடுக்கினாரு, மெஷின் வெச்சு முடுக்கல. பட்டனுக்கும் மரத்துக்கும் நடுவுல ஃபெல்ட் வாஷர். அடிப்பக்கத்துக்கு 25 மில்லிமீட்டர் ஸ்க்ரூ, ஹீலுக்கு அதவிடச் சின்னது. கூலி சில நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சது, எங்கயும் ஒரு கீறல் இல்ல.

வீட்லயே பண்ணலாமானு கேப்பீங்க. டிரில் பிடிச்சுப் பழக்கம் இருந்தா அடிப்பக்கம் பண்ணலாம், வேஸ்ட் கட்டைல ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டுப் பண்ணுங்க. ஹீல தயவுசெஞ்சு தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க, அங்க விரிசல் விட்டா கழுத்து ரிப்பேர் ஆயிடும். பிக்கப்போட (ஒலிய ஸ்பீக்கருக்கு அனுப்புற கருவி) வர்ற கிட்டார்ல சில மாடல்ல கேபிள் சொருகுற ஜாக் அடிப்பக்கமே இருக்கும், அதுவே பட்டனா வேலை செய்யும், உங்களுக்கு ஹீல்ல ஒண்ணு போட்டா போதும், ஜாக்க பிடிச்சிருக்குற திருகு நட்டு லூசாகுதானு மட்டும் அடிக்கடி பாத்துக்கோங்க. கையால செஞ்ச, ஷெல்லாக் பாலிஷ் போட்ட விலை உயர்ந்த கிட்டார் வெச்சிருக்கீங்கன்னா அதுல ஓட்டை போடாதீங்க, விற்கும்போது விலை இறங்கும், அந்தப் பாலிஷ் வேர்வைக்கும் பட்டை உரசலுக்கும் தாங்காது. நிக்கிறதுக்குனு சாதாரண ஃபேக்டரி கிட்டார் ஒண்ண தனியா வெச்சுக்கோங்க.

ஸ்ட்ராப் எது வாங்கலாம்னா அஞ்சு சென்டிமீட்டர் அகலத்துல காட்டன் பட்டை, ரெண்டு முனையும் தோல், அது போதும். முனை ஓட்டை புதுசுல டைட்டாத்தான் இருக்கும், பெருசு பண்ணாதீங்க, டைட்டா இருந்தாதான் பட்டன்ல இருந்து கழண்டு வராது. நீளத்த கம்மியா வையுங்க. கிளாசிக்கல் கழுத்து நட்டுகிட்டயே 52 மில்லிமீட்டர் அகலம், எலக்ட்ரிக் கிட்டார் மாதிரி இடுப்புக்குக் கீழ தொங்கவிட்டா மணிக்கட்டு மடிஞ்சு வலி வரும். ஃபுட்ஸ்டூல் வெச்சு உக்காரும்போது கிட்டார் நெஞ்சுக்கு எந்த உயரத்துல வருதோ அதே உயரத்துக்கு ஸ்ட்ராப்ப இழுத்து பக்கிள்ல ஃபிக்ஸ் பண்ணிட்டு, அப்புறம் எழுந்து நின்னு பாருங்க, கை தானா பழைய இடத்துக்கே போகும்.